டர்போ வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? ஹெட்டில் கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு டர்போ டீசல் காரை ரிகவரி வண்டியில் ஏற்றி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். விராலிமலை தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது இன்ஜின் சட்டென்று நின்றுவிட்டது. நாலு பேர் சேர்ந்து தள்ளி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிறகு பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடித்திருக்கிறார்கள். உதவிக்கு வந்த ஒருவர் டர்போவின் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) ஹோஸைக் கழற்றி, உள்ளே எண்ணெய்ப் பசையைத் தொட்டுக் காட்டி, "டர்போ போச்சு" என்று சொல்லிவிட்டார். "அண்ணே, புது டர்போ என்ன விலை வரும்?" இதுதான் ஓனர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். கீழே கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) புல்லி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, மெதுவாகத் திருப்பச் சொன்னேன். கிராங்க் கால் சுற்று திரும்பியது. வால்வுகளை (காற்றும் புகையும் போய்வரும் கதவுகள்) திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் அப்படியே நின்றது. இரண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. டர்போவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஓடும் வண்டி தானாக நின்றுவிட்டால் மறுபடி மறுபடி செல்ஃப் அடிப்பதுதான் மிகப் பெரிய தவறு. இன்றைய டர்போ இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில், டீசலில் ஏறக்குறைய எல்லாவற்றிலும், பிஸ்டன் மேலே வரும் இடமும் வால்வு கீழே இறங்கும் இடமும் ஒன்றுதான். இரண்டும் மோதாமல் நேரம் பிரித்துக் கொடுப்பது டைமிங் பெல்ட்டோ செயினோதான். அது ஒன்றிரண்டு பல் மட்டும் தாண்டியிருந்தால் வால்வுகள் தப்பித்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த நிலையில் ஒவ்வொரு முறை சாவி திருப்பும்போதும் அந்த வாய்ப்பு குறைகிறது. தள்ளி ஸ்டார்ட் செய்வது இன்னும் மோசம், ஏனென்றால் வண்டியின் முழு எடையும் சேர்ந்து பிஸ்டனை வால்வின் மேல் ஏற்றுகிறது.

அதற்காக சாவியையே தொடக்கூடாது என்றில்லை. முதல் இரண்டு விநாடி சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். நல்ல இன்ஜின் செல்ஃபில் "உர்... உர்... உர்" என்று மூச்சு வாங்கித் திரும்பும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது மோட்டார் திணறுவதால் வரும் தாளம் அது. தாளமே இல்லாமல் "வ்ர்ர்ர்" என்று லேசாகச் சுற்றினால் எந்தச் சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (காற்றழுத்தம்) இல்லை என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தாளத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் விட்டுப்போனால் அது ஒரு சிலிண்டர் கோளாறு. எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று எரிந்துபோன வண்டி உதறிக்கொண்டாவது பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். ஸ்டார்ட்டே ஆகாத வண்டியில், எல்லாச் சிலிண்டரும் ஒரே நாளில் படுத்திருந்தால், முதலில் டைமிங்கைப் பாருங்கள்.

டர்போ மேல் பழி போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நிறையப் பேரின் பணம் இதில்தான் போகிறது. செல்ஃப் அடிக்கும் வேகத்தில் டர்போ காற்றை அழுத்துவதே இல்லை. டர்போ முழுக்கச் செத்துப்போன வண்டிகூட ஸ்டார்ட் ஆகும், இழுவைதான் இருக்காது. ஹோஸுக்குள் லேசான எண்ணெய்ப் பசை, இன்ஜின் மூச்சுக் குழாயிலிருந்து வரும் ஆவியால், நன்றாக ஓடும் வண்டியிலும் இருக்கும். சந்தேகப்பட வேண்டியது இரண்டு நிலைமைகளில்தான்: கம்ப்ரசர் இறக்கை உடைந்து துண்டுகள் உள்ளே போயிருந்தால், அல்லது இன்டர்கூலரில் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) கப் கணக்கில் எண்ணெய் தேங்கியிருந்தால்.

ஸ்கேனரை மாட்டியதும் வரும் பிழைக் குறியீட்டை (எரர் கோடு) அப்படியே நம்புவது அடுத்த தவறு. பி0340 (P0340) வந்தால் கேம் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். பெல்ட் அறுந்து கேம் சுற்றாமல் நின்றாலும் சென்சாருக்கு சிக்னல் வராது, அதே கோடுதான் வரும். பி0016 என்றால் கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. சென்சார் வாங்கும் முன் டைமிங் கவரைத் திறந்து, கிராங்கும் கேமும் பொருந்தியிருக்கிறதா என்று காட்டும் மார்க்கைப் பாருங்கள்.

"என்னுடையது செயின் வண்டி, கவலை இல்லை" என்பதும் சரியல்ல. டஸ்டரின் 1.5 டீசலில் பெல்ட், ஸ்விஃப்ட்டின் 1.3 டீசலில் செயின், ஈகோஸ்போர்ட்டின் 1.0 ஈகோபூஸ்ட்டில் ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட். மூன்றுக்கும் மூன்று விதமான பலவீனம். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பொதுவாக ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி "கடகட" என்றால் செயின் தளர்ந்திருக்கலாம். ஆயிலில் ஓடும் பெல்ட் உதிர்ந்தால் அந்தத் தூள் ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். ஆயில் பிரஷர் குறைந்தால் டர்போ பேரிங்கும் சேர்ந்து போகும்.

டைமிங் மார்க் சரியாக இருந்தால்தான் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜில் அளப்பது). இதிலும் தப்பான ரீடிங் எடுத்து நல்ல இன்ஜினைப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. பேட்டரி இறங்கியிருந்தால் எல்லாச் சிலிண்டரும் குறைவாகக் காட்டும். பெட்ரோல் வண்டியில் எல்லாப் பிளக்கையும் கழற்றி, இன்ஜக்டரையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துத்தான் எடுக்க வேண்டும். ரொம்ப நேரம் செல்ஃப் அடித்து ஃப்ளட் ஆன (பெட்ரோல் நிரம்பிய) இன்ஜினில், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைப் பெட்ரோல் கழுவிவிடும். வால்வு நன்றாக இருந்தாலும் கம்ப்ரஷன் இருக்காது. அப்போது சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ரீடிங் ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) பக்கம் ஒழுக்கு. ஏறவில்லை என்றால் வால்வு, அல்லது ஹெட் கேஸ்கெட் (வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கீழே இருக்கும் அடைப்பு). டீசலில் 400 பிஎஸ்ஐ அளவுக்கு வரும் என்பதால் பெட்ரோல் வண்டிக்கான கம்ப்ரஷன் கேஜை மாட்டாதீர்கள், அது தாங்காது. டீசலில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைக் குளிர்ந்த இன்ஜினில் பலம் கொடுத்துத் திருகினால் ஹெட்டுக்குள்ளேயே உடையும்.

உள்ளே காற்றடித்துப் பார்க்கும் லீக் டெஸ்டில் பெரிய மெக்கானிக்குகளே ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. டைமிங் தவறிய இன்ஜினில், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது வால்வு திறந்தே இருக்கலாம். காற்று புஸ்ஸென்று வெளியேறும். வளையாத வால்வை வளைந்ததாக நினைத்து ஹெட்டைக் கழற்றிவிடுவார்கள். அந்தக் காரில் நான் செய்தது இது: நாலு சிலிண்டர் என்பதால், எல்லாப் பிஸ்டனும் நடுவில் நிற்கும்படி கிராங்கைக் கையால் வைத்தேன். கேமைக் கழற்றினால் ஸ்பிரிங்கே எல்லா வால்வையும் மூடிவிடும். கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் பிடித்து, கிராங்கில் மாட்டிய ஸ்பேனரை எடுத்துவிட்டு (இல்லாவிட்டால் அது சுழன்று கையை உடைக்கும்) ஒவ்வொரு சிலிண்டராகக் குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுத்தேன். இரண்டில் காற்று நின்றது. இரண்டில் நிற்கவில்லை.

எங்கே போகிறது என்று கேட்பதிலும் டர்போ வண்டிக்குத் தனி வழி. ஏர் ஃபில்டரில் காதை வைத்தால் ஒன்றும் கேட்காது. நடுவில் இன்டர்கூலரும் டர்போவும் சத்தத்தை விழுங்கிவிடுகின்றன. இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) போகும் ஹோஸை அங்கேயே கழற்றிக் கேட்க வேண்டும். சைலன்சர் பக்கமும் அப்படித்தான். டர்பைனுக்கு (புகை சுழற்றும் டர்போ சக்கரம்) முன்னால் ஏதாவது சென்சார் இருந்தால் அந்த ஓட்டையில் கேளுங்கள். ஆயில் மூடியில் இரைந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட்.

ஃபோனில் மாட்டும் சின்ன கேமராவை உள்ளே விட்டு, பிஸ்டன் மேல் பிறை வடிவம் தெரிந்ததும் "அடிபட்டிருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். பல பிஸ்டன்களில் வால்வுக்காகக் கம்பெனியிலேயே பள்ளம் கடைந்திருப்பார்கள். அதன் மேல் கரி ஒரே சீராகப் படிந்திருக்கும். மோதிய தழும்பு பளபளவென்று, விளிம்பு கூர்மையாக, கரியைக் கிழித்துக்கொண்டு தெரியும்.

மழைத் தண்ணீரில் நின்ற வண்டி வேறு கதை. கம்ப்ரஷன் குறைவு, ஆனால் காற்றடித்தால் நன்றாக நிற்கிறது, டைமிங்கும் சரி என்றால் வால்வைத் தேடாதீர்கள். தண்ணீர் உள்ளே போய் கனெக்டிங் ராடு வளைந்து, பிஸ்டன் முழு உயரம் ஏறாமல் நிற்கிறது.

ஹெட் வெளியே வந்த பிறகு, கண்ணுக்கு வளைவு தெரியும் வால்வை மட்டும் மாற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வளைவிலும் காற்று ஒழுகும். போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி சீட்டில் கசிகிறதா என்று எல்லாவற்றையும் பாருங்கள், வால்வுத் தண்டு ஓடும் கைடில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வால்வின் தலை உடைந்து போயிருந்தால், மாட்டும் முன் டர்பைன் இறக்கைகளைப் பார்க்காமல் விடக்கூடாது. உடைந்த துண்டு வெளியேறும் வழி அதுதான். மாட்டி முடித்ததும் சாவியைத் தொடாமல், கிராங்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று கையால் திருப்புங்கள். எங்காவது தடுத்தால் பலம் கொடுக்காமல் நிறுத்திவிட்டு மார்க்கை மறுபடி பாருங்கள்.

அந்த ஓனருக்குப் பெல்ட், டென்ஷனர், இரண்டு சிலிண்டருக்கு வால்வு, கேஸ்கெட், புது ஹெட் போல்ட், லேத் கூலி ஆயிற்று. பழைய டர்போவிலேயே வண்டி ஓடுகிறது.