பை (π) மதிப்பைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மட்டும் மூன்று பேர் தங்கள் பை நிரலை அனுப்பி, "சரியா பாருங்கண்ணா" என்றார்கள். மூன்றிலும் நான் கல்லூரியில் அடித்த அதே கூத்து. நிரலில் தசம எண்ணை வைக்கும் சாதா டபுள் வகையில் பதினாறு இலக்கத்துக்கு மேல் தேறாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

லைப்னிட்ஸ் தொடர்

பை = 4 × (1 − 1/3 + 1/5 − 1/7 + …) என்று போகும் இந்தத் தொடர் வேண்டாம். 5 லட்சம் உறுப்புகளைக் கூட்டிய பிறகும் ஆறாவது தசம இலக்கம் தப்பு. 14-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்ட கேரளக் கணிதவியலாளர் மாதவரின் வழிவந்தவர்கள்கூடத் திருத்த உறுப்பு சேர்த்துத்தான் பயன்படுத்தினார்கள்.

தலையை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஆங்கிலக் கணிதவியலாளர் மேச்சின் 1706-இல் தந்த வாய்பாடு: பை = 16 ஆர்க்டேன்(1/5) − 4 ஆர்க்டேன்(1/239). (ஆர்க்டேன் என்றால் டேன்-இன் தலைகீழ்; தொடராக விரித்துக் கூட்டலாம்.) அதை வைத்து 1,000 இலக்கம் எடுத்தேன். எண்களை வரிசையாக அடுக்கி வைக்கும் அரேயில் ஒரு அறைக்கு நான்கு இலக்கம். முதல் ஐம்பதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன், அச்சு அசலாகப் பொருந்தியது. சந்தேகத்துக்கு மறுபடி ஓட்டினேன், அதே விடை. கணிதக் கண்காட்சிக்குப் பெரிய ஃபிளெக்ஸ் அடித்தாயிற்று, என் கைக்காசில்.

நூறு இலக்கம் மனப்பாடமாக வைத்திருந்த ஒரு பிளஸ் ஒன் பையன் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தான். "அண்ணா, 5923-க்கு அப்புறம் ஒரு சைபர் வரணுமே?"

வரணும்தான். பதினேழாவது அறையில் இருந்தது 0781. எண்ணாக அச்சிட்டதில் முன்னால் இருந்த சைபர் விழுந்து வெறும் 781 ஆகிவிட்டது. 65-ஆம் இலக்கத்திலிருந்து எல்லாமே இடம் நகர்ந்துபோச்சு. கணக்கில் பிழையே இல்லை, அச்சில்தான். ஃபிளெக்ஸில் இருந்த இலக்கங்களை எண்ணியிருந்தாலே ஆயிரம் வராதது தெரிந்திருக்கும்!

அதே நிரலை இரண்டாம் முறை ஓட்டுவது சரிபார்ப்பு ஆகாது, அதே பிழைதான் திரும்ப வரும். வில்லியம் ஷாங்க்ஸ் இதே மேச்சின் வாய்பாட்டில், கையாலேயே கணக்குப் போட்டு, 1873-இல் 707 இலக்கம் வெளியிட்டார். 528-ஆவதிலிருந்து தப்பு. 1937-இல் பாரிஸ் அறிவியல் காட்சியகம் ஒன்று அந்த 707-ஐயும் சுவரில் பதித்தது, 1949-இல்தான் திருத்தினார்கள். (என் ஃபிளெக்ஸ் ஒரு நாளில் இறங்கிவிட்டது, அந்த மட்டில் நிம்மதி.) பிழையை 1940-களில் பிடித்த பெர்குசன் வேறு வாய்பாட்டில் கணக்கிட்டார்: பை/4 = 3 ஆர்க்டேன்(1/4) + ஆர்க்டேன்(1/20) + ஆர்க்டேன்(1/1985). நீங்களும் இரண்டு வாய்பாட்டில் கணக்கிட்டு, கடைசி இலக்கங்களை ஒப்பிடுங்கள்.

கூடுதல் இலக்கம் வைக்காதது

10,000 இலக்கம் வேண்டுமென்றால் மேச்சின் வாய்பாட்டின் ஆர்க்டேன்(1/5) தொடரில் மட்டும் 7,000 உறுப்புகளுக்கு மேல் போகும். ஒவ்வொரு வகுத்தலிலும் வால் வெட்டுப்படும். கூட்டி 16-ஆல் பெருக்கும்போது கடைசி நாலைந்து இலக்கம் கெடலாம். பத்து இலக்கம் அதிகமாகப் போட்டுக் கணக்கிட்டு, முடிந்ததும் அந்தப் பத்தை வெட்டிவிடுங்கள்.

எடுத்தவுடனே சுட்னோவ்ஸ்கி

பை கணக்கிடும் இந்த வேகமான தொடர் உறுப்புக்கு 14 இலக்கம் தரும், உண்மைதான். மேச்சினில் ஆயிரம் ஒழுங்காக வந்த பிறகு தொடுங்கள்.