ஃபாஸ்டர் பிள்ளைகளின் கோடை முகாமுக்குப் போகுமுன்

போன மாதம் ஆராதனை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றபோது எங்கள் தமிழ்ச் சபையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் என்னிடம் வந்தார்கள். “ஆன்ட்டி, ஜூலையில நீங்க போற முகாமுக்கு நாங்களும் வரலாமா? என்ன செய்யணும்?” என்று கேட்டார்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அவர்களுக்காக எழுத உட்கார்ந்தேன். கலிஃபோர்னியாவில் ஆறு கோடைகள் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். முகாமின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் எழுத மாட்டேன். அந்தப் பிள்ளைகள் நீதிமன்றத்தின் பாதுகாப்பில் இருப்பவர்கள். யார், எந்த ஊர் என்று வெளியே தெரியக் கூடாது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் ஊரில் வளர்ப்புப் பிள்ளை என்றால் தத்தெடுத்த பிள்ளை என்று நினைப்போம். ஃபாஸ்டர் கேர் அதுவல்ல. வீட்டில் அடி, பட்டினி, போதை, கவனிப்பே இல்லாத நிலை என்று ஏதோ ஒன்றால் பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால், கவுண்டி (மாவட்ட நிர்வாக) அதிகாரிகள் பிள்ளையை அங்கிருந்து எடுத்து வேறு குடும்பத்திலோ உறவினர் வீட்டிலோ தற்காலிகமாக விடுவார்கள். வழக்கு நீதிமன்றத்தில் நடக்கும். பெரும்பாலும் பெற்றோர் திருந்தி, பிள்ளை வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம். 2023 செப்டம்பர் கடைசியில் அமெரிக்கா முழுவதும் சுமார் 3,43,000 பிள்ளைகள் இந்த நிலையில் இருந்தார்கள். சிலர் ஒரே வருடத்தில் மூன்று நான்கு வீடு மாறியிருப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் யாரோ ஒரு பெரியவர், “இனிமே எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லியிருப்பார். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கென்றே சபைகள் நடத்தும் முகாம்களில் பலரும் அறிந்தது ராயல் ஃபேமிலி கிட்ஸ். வெய்ன் டெஷ், டயேன் டெஷ் என்ற தம்பதியர் 1985-இல் தெற்கு கலிஃபோர்னியாவில் தொடங்கியது. தனியாக நடத்துகிற சபைகளும் உண்டு. எங்கள் முகாமில் 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் திங்கள் முதல் வெள்ளி வரை தங்குவார்கள். செலவு முழுவதும் சபையுடையது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கவுன்சிலர், அதாவது இரவும் பகலும் கூடவே இருக்கும் பெரியவர்.

ஜனவரியிலேயே விண்ணப்பியுங்கள்

ஜூலை முகாம்தானே, மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். விண்ணப்பம், உங்களை நன்றாகத் தெரிந்தவர்களின் பரிந்துரைக் கடிதங்கள், நேர்முகம், கைரேகை, பயிற்சி எல்லாம் முடிய நான்கு மாதமாவது ஆகும். கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பிள்ளைகளோடு மாதம் 16 மணி நேரத்துக்கு மேலோ ஆண்டுக்கு 32 மணி நேரத்துக்கு மேலோ நேரடியாக இருக்கும் தன்னார்வலர்கள் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும், பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமையை எப்படி அடையாளம் காண்பது, எங்கே புகார் செய்வது என்ற பயிற்சியும் முடிக்க வேண்டும். ஐந்து நாள் முகாம் 32 மணி நேரத்தை இரண்டாம் நாளே தாண்டிவிடும். கைரேகையை லைவ் ஸ்கேன் இயந்திரத்தில் எடுப்பார்கள். பாத்திரம் தேய்த்துத் தோல் காய்ந்த கைகளில் ரேகை தெளிவாக விழாது, திரும்பக் கூப்பிடுவார்கள். ஒரு வாரம் முன்பிருந்தே லோஷன் தடவிக்கொண்டால் நல்லது.

நேர்முகத்தில் உங்கள் சிறுவயதைப் பற்றிக் கேட்பார்கள். உங்களுக்கும் ஆறாத காயம் ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். அதற்காக உங்களைத் தள்ளிவிடுவதில்லை. ஒரு வருடம் பிள்ளைகளோடு தங்காமல் சமையலறையிலோ கைவேலை மேசையிலோ உதவச் சொல்லலாம். அதுவும் இதே ஊழியம்தான்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்

எங்கள் முகாம் சியரா மலையடிவாரத்தில் பைன் காட்டுக்குள் இருக்கிறது. பகலில் வெயில் கொளுத்தும், இரவில் ஸ்வெட்டர் வேண்டும். ஸ்லீப்பிங் பேக், டார்ச் இரண்டு (ஒன்று பிள்ளைக்குக் கொடுக்க), ஒரு சீட்டுக்கட்டு, முடி கட்டும் ரப்பர் பேண்டுகள், பெரிய பல் சீப்பு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில். தலை வாருவதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பெண்பிள்ளைகள் உங்களை நம்ப ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கேதான். எங்கள் முகாமுக்குக் கறுப்பினப் பிள்ளைகள் நிறையப் பேர் வருவார்கள். சுருள்முடியை உலர்ந்த நிலையில் சீவினால் உயிர் போகும். தண்ணீர் தெளித்து, கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து மேலே வர வேண்டும். ஏற்கெனவே பின்னிவிட்டிருந்தால் அவிழ்க்காதீர்கள். எந்த க்ரீம் ஒத்துக்கொள்ளும் என்று முதல் நாளே ஃபாஸ்டர் அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாலு வயதிலிருந்து அம்மா மடியில் உட்கார்ந்து எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். தலையில் ஒரு கை நிதானமாகப் படுவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் தொடுமுன் கேளுங்கள். ஒவ்வொரு காலையும் கேளுங்கள்.

ஃபோனைப் பெட்டியிலேயே வையுங்கள். படம் எடுப்பது முகாமின் புகைப்படக்காரர் மட்டும்.

முதல் நாள்

பிள்ளைகள் சிலர் துணிமணியைக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். வீடு மாறும்போதெல்லாம் அப்படித்தான் மூட்டை கட்டிக் கொடுக்கப்பட்டிருக்கும். எங்கள் சபை ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு புதுப் பயணப்பை கொடுக்கிறது. துணியை மாற்றி அடுக்க உதவுங்கள், ஆனால் பழைய பையை நீங்களாகத் தூக்கி எறியாதீர்கள். எறிவதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் முடிவு. ஒரு சிறுவன் அதை மடித்துப் புதுப் பையின் அடியில் வைத்துக்கொண்டான்.

உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுவது நமக்கு முதல் நாள் உறுத்தும். விட்டுவிடுங்கள். அதே போல, “வாம்மா, சாப்பிடும்மா” என்ற நம் பழக்கம் ஆங்கிலத்தில் வேறு வடிவத்தில் வெளியே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா, அப்பா, வீடு என்ற சொற்களை அவர்களாகச் சொல்லும்வரை நீங்கள் எடுக்காதீர்கள்.

கேபினுக்குள், அதாவது நாங்கள் தங்கும் குடிலுக்குள், போனதும் நான் செய்யும் முதல் வேலை, அன்றைய நாளைச் சொல்வது. “இப்போ படுக்கை போடப் போறோம். அப்புறம் நீச்சல் குளம். 5:30 மணிக்குச் சாப்பாடு. 8 மணிக்கு ராத்திரி தின்பண்டம். நான் இந்தக் கட்டிலில்தான் படுப்பேன், ராத்திரி எங்கேயும் போக மாட்டேன்.” இதை ஒரு அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டுவேன். படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படம் போட்டுக் கொடுப்பேன். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமலே வளர்ந்த பிள்ளைக்கு அந்த அட்டை பெரிய ஆறுதல். ஒரு சிறுமி நான்கு நாளும் சாப்பாட்டு மணி அடிக்கும்போது என் கைக்கடிகாரத்தைப் பிடித்துச் சரிபார்த்தாள்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வருடம் ஒரு ஒன்பது வயதுச் சிறுமியிடம், “நாளைக்குக் காலையில மீன் பிடிக்கப் போறோம்” என்று உறுதியாகச் சொன்னேன். இரவோடு இரவாகக் காட்டுத்தீயின் புகை வந்து இறங்கியது. வெளிவேலை எல்லாம் ரத்து. அவள் அழவில்லை, கத்தவில்லை. “தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை. புகை கலைந்ததும் மற்றவர்கள் பாட்டுப் பயிற்சியில் இருந்த நேரத்தில் முகாம் இயக்குநரிடம் அனுமதி வாங்கி, துணைக்கு இன்னொரு கவுன்சிலரையும் அழைத்துக்கொண்டு அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போனேன். மீன் ஒன்றும் சிக்கவில்லை. தூண்டிலைச் சுருட்டும்போதுதான் பேசினாள். அதற்குப் பிறகு நான், “புகையோ மழையோ வராவிட்டால் மீன் பிடிக்கப் போவோம், வந்தால் உள்ளே இருந்து கைவேலை செய்வோம்” என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். என் கையில் இல்லாததை வாக்காகக் கொடுப்பதில்லை.

தலையணைக்குள் ரொட்டி

சாப்பாட்டு மேசையிலிருந்து ரொட்டி, வாழைப்பழம், ஜெல்லிப் பொட்டலம் என்று பிள்ளைகள் ஒளித்து எடுத்துவருவார்கள். தலையணை உறைக்குள்ளும் ஷூவுக்குள்ளும் இருக்கும். இது திருட்டு இல்லை. அடுத்த வேளை கிடைக்குமா என்ற பயம் வயிற்றில் பதிந்துபோனதன் விளைவு. பிடுங்கினால் பயம் கூடும். ஆனால் எங்கள் காட்டில் கரடி உண்டு. கேபினில் உணவு வைக்கவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கண்ட வழி இதுதான்: ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு மூடி டப்பா, சமையலறை அலமாரியில். பிடித்ததை அதில் போட்டுக்கொள்ளலாம், எப்போது கேட்டாலும் நான் கூடப் போய் எடுத்துத் தர வேண்டும். முதல் இரவு மூன்று தடவை போவோம். சும்மா திறந்து பார்த்துவிட்டு மூடுவார்கள். அலுத்துக்கொள்ளாமல் போங்கள். புதன்கிழமை ஒரு தடவையோடு நின்றுவிடும்.

இரவு

விளக்கை முழுக்க அணைக்க வேண்டாம். படுக்கை நனைந்தால் விடியுமுன் சத்தமில்லாமல் மாற்ற, மாற்று ஸ்லீப்பிங் பேக்குகள் நர்ஸ் அறையில் இருக்கும். மற்ற பிள்ளைகள் காலைச் சாப்பாட்டுக்குப் போனபின் துவைக்க எடுத்துப்போவார்கள். உங்கள் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. மாத்திரைகள் எல்லாம் நர்ஸ் கையில்தான், ஒரு தலைவலி மாத்திரைகூட நீங்கள் கொடுக்கக் கூடாது. பிள்ளையோடு எந்த நேரமும் தனியாக இருக்காதீர்கள். இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்க வேண்டும்.

இருட்டில்தான் சில பிள்ளைகள் வாய் திறப்பார்கள். “யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று ஆரம்பித்தால், அப்போதே சொல்லிவிடுங்கள்: “உனக்கு யாராவது கெடுதல் செஞ்சிருந்தா, உன்னைப் பாதுகாக்கிறவங்ககிட்ட நான் சொல்லியாகணும். ஆனா நீ சொல்றதை நான் கேப்பேன்.” பிறகு கேளுங்கள். துருவாதீர்கள், “அவர்தானே?” என்று வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள், அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். பிள்ளை தூங்கியதும் சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே எழுதி, அங்கே இருக்கும் சமூக சேவகரை எழுப்புங்கள். கலிஃபோர்னியாவில் புகார் செய்யச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள் உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும், 36 மணி நேரத்துக்குள் எழுத்தில் அனுப்ப வேண்டும். இயக்குநரிடம் சொன்னதோடு அந்தக் கடமை தீராது, அவர்களே செய்ய வேண்டும். அந்த இரவு நீங்கள் தூங்க மாட்டீர்கள். மறுநாள் உங்களுக்கு மாற்று ஆள் தருவார்கள், இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டவரைப் பற்றி எப்படிப் பேசுவது

இது நம்மவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது. தகப்பனும் தாயும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்று 27-ஆம் சங்கீதத்தில் வருகிற வசனத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவள் நான். இங்கே வந்த புதிதில், இந்தப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் உண்டா என்று நினைத்தேன். இப்போது நானாக அதைச் சொல்வதில்லை. அடுத்த மாதம் அம்மாவிடம் திரும்பிவிடுவோம் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், உன் தாய் உன்னைக் கைவிட்டாள் என்று சொல்வதாகத்தான் அது போய்ச்சேரும். “பரலோகத் தகப்பன்” என்பதும் அப்படியே. தகப்பன் என்ற சொல்லைக் கேட்டதும் சில பிள்ளைகள் உடம்பைக் குறுக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மேய்ப்பன் கதை சொல்லுங்கள், புயலை அடக்கிய கதை சொல்லுங்கள். பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். தனக்கு வேண்டிய வழிபாட்டுக்குப் போவது ஃபாஸ்டர் பிள்ளைக்குக் கலிஃபோர்னியாவில் எழுதிவைத்த உரிமை. அழவைத்து, கை தூக்கச் சொல்லி, இயேசுவை ஏற்றுக்கொள்வதாகத் தீர்மானம் எடுக்கவைக்கும் கூட்டம் இந்த முகாமில் கூடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பெரியவர்களைத் திருப்திப்படுத்தித்தான் அடுத்த நாளைத் தள்ள வேண்டும் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, நீங்கள் கேட்டால் எதற்கும் கை தூக்கும்.

ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு, பிள்ளை தூங்கியபின் உங்கள் கட்டிலில் ஜெபியுங்கள்.

புதன், வியாழன், வெள்ளி

புதன் இரவு எல்லோருக்கும் பிறந்தநாள். பிறந்தநாள் கொண்டாடியே இராத பிள்ளைகள் இருப்பதால், ஒரே இரவில் எல்லாருக்கும் கேக், மெழுகுவர்த்தி, பெயர் எழுதிய பரிசு. வேறு வேறு வீடுகளில் பிரித்து விடப்பட்ட அண்ணன் தங்கைகள் முகாமில் சேர்ந்து இருப்பதுண்டு. அவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க மறக்காதீர்கள். ஏழு வயதுத் தங்கையின் கேக்கை அண்ணன் வெட்டிக் கொடுத்த அந்த மேசையில் நாங்கள் பெரியவர்கள் யாரும் பேசவில்லை.

வியாழக்கிழமை எல்லாம் தலைகீழாகும். நல்லபடி இருந்த பிள்ளை உதைக்கும், கெட்ட வார்த்தை சொல்லும், “உன்னை எனக்குப் பிடிக்கவே இல்லை” என்று கத்தும். நாளை பிரிய வேண்டும் என்று தெரிந்து, தானே முந்திக்கொண்டு முறித்துக்கொள்கிறது. நீங்கள் குரலை உயர்த்தாமல், “கோபமா இருக்கே. 5:30 மணிக்குச் சாப்பாடு. நான் இங்கேயேதான் இருக்கேன்” என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள்.

வெள்ளிக்கிழமை பிள்ளை கையில் அந்த வாரத்துப் படங்கள் அடங்கிய ஆல்பம் கொடுப்பார்கள். “மறுபடி பார்ப்போம்” என்று சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. “இந்த வாரம் உன்னோட இருந்தது எனக்குச் சந்தோஷம். நீ தண்ணில முகத்தை முக்கக் கத்துக்கிட்டே, அது எனக்கு ஞாபகம் இருக்கும்” என்று நடந்ததைச் சொல்லுங்கள். எந்த க்ரீமுக்கு முடி படிந்தது, டப்பா விஷயம், எதற்குப் பயந்தாள் என்பதை ஒரு தாளில் எழுதி ஃபாஸ்டர் அம்மாவிடம் கொடுங்கள். பிள்ளை சொன்ன இரகசியங்களை அதில் எழுத வேண்டாம், அவை சமூக சேவகருக்கு உரியவை. வண்டி கிளம்பும்வரை கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பிள்ளையை இணையத்தில் தேடாதீர்கள், ஃபாஸ்டர் வீட்டுக்கு ஃபோன் செய்யாதீர்கள். சனிக்கிழமை வேலைக்கு இப்போதே லீவு சொல்லிவையுங்கள். நான் அன்று மத்தியானம் வரை தூங்கி, எழுந்து ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் துணியைத் துவைக்கப் போடுவேன்.