கட்டுமலைக்காரர்கள் பனிமலை ஏறுவது எப்படி?

எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற மலை சுவாமிமலை. அது மலையே இல்லை, கட்டுமலை. மொத்தம் அறுபது படி. ஒவ்வொரு படிக்கும் பிரபவ, விபவ என்று ஒரு தமிழ் வருஷத்தின் பெயர். அதைத் தாண்டி உயரம் பார்க்க வேண்டும் என்றால் திருச்சி மலைக்கோட்டைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் இமயமலையில் மூட்டை சுமந்து நடக்கப் போனால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். இரண்டு முறை போனோம். ஒரு முறை பாதியில் திரும்பினோம், ஒரு முறை தாண்டினோம். திரும்பிய கதையில்தான் பாடம் அதிகம்.

நான் கும்பகோணம் பக்கம் பந்தல் காண்ட்ராக்டர். கூட வருகிறவன் கல்யாண சமையல்காரன். உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். ஆடியிலும் புரட்டாசியிலும் கல்யாணம் இல்லாததால் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைக்கும். போன இடம் இமாச்சலில் ஹம்ப்டா கணவாய், 4,270 மீட்டர். மணாலியிலிருந்து குலு பக்கமாக ஏறி லாஹௌல் பக்கமாக இறங்க வேண்டும். நாலைந்து நாள் நடை, ராத்திரி டென்ட்டில்.

முதலில் மாதம். ஆடியில் நம் ஊரில் மழை பெரிதாக இருக்காது. பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றில் தண்ணீர் மட்டும் வரும், அது குடகில் பெய்தது. குடகில் கொட்டுகிற அதே தென்மேற்குப் பருவமழைதான் அந்த நேரத்தில் குலுவிலும் கொட்டும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. ஆடி என்றால் காய்ந்த மாதம் என்று உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. 2023 ஜூலையில் பியாஸ் ஆறு பெருகி மணாலி ரோட்டையே அடித்துக்கொண்டு போனதை நினைவில் வையுங்கள். புரட்டாசியில் மழை வடிந்துவிடும். ஆனால் அப்போது பனி விழலாம். 2018 செப்டம்பர் கடைசியில் லாஹௌல் பக்கம் திடீரென்று பனி கொட்டி, மாட்டிக்கொண்டவர்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். ஆக, நிச்சயமான மாதம் என்று எதுவும் கிடையாது, இருப்பதற்குள் புரட்டாசி தேவலை. சிம்லா வானிலை மையத்தின் எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். முக்கியமாக, திரும்பும் ரயில் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். “சனிக்கிழமை டெல்லியில் வண்டி பிடிக்கணுமே” என்கிற நினைப்புதான் மோசமான வானத்தின் கீழே ஆளை மேலே தள்ளும்.

பயிற்சிக்குப் பையில் பத்து கிலோ பொன்னி அரிசியைப் போட்டுக்கொண்டு சுவாமிமலைப் படியை இருபது முறை ஏறி இறங்கினோம். 1,200 படி. “என்னப்பா வேண்டுதல்?” என்று கேட்காதவர் இல்லை. ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள், முழங்கால் போவது அங்கேதான். கோடையில் கொள்ளிடத்து மணலில் நடந்தால் கெண்டைக்கால் நன்றாக இறுகும். ஒரு விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். மழை பெய்த வரப்பில் கட்டைவிரலை ஊன்றி நடந்து பழகியவனுக்கு மலைச்சேற்றில் சறுக்காது. கோயம்புத்தூர்ப் பையன்கள் நாலு பேர் எங்கள் முன்னாலேயே வரிசையாகச் சறுக்கி உட்கார்ந்தார்கள். சிரிக்கக் கூடாது, சிரித்தோம்.

இனி ஈரம். இதில்தான் டெல்டாக்காரன் ஏமாறுவான். வயலில் நனைந்தால் நமக்குச் சுகம். வெயிலில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொள்வோம், சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டு மழையிலேயே நாற்று நடுவோம். நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுப்பதால்தான் அந்தச் சுகம். அதே வேலையை அது மலையிலும் செய்யும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும், கூடவே காற்று. அதனால் பருத்தி பனியன், ஜீன்ஸ், கைலி எதுவும் நடக்கும்போது உடம்பில் இருக்கக் கூடாது. உள்ளே பாலியஸ்டர் அல்லது கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு. ஏறும்போது வேர்க்கும் முன்னாலேயே ஒரு துணியைக் கழற்றிவிடுங்கள், நின்றவுடன் போட்டுக்கொள்ளுங்கள். வேர்வையும் ஈரம்தான்.

பைக்கு மேலே போடும் மழை உறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். பைக்கு உள்ளே கனமான பிளாஸ்டிக் பை ஒன்றை விட்டு, அதற்குள் சாமானை அடுக்கி, வாயை முறுக்கிக் கட்டுங்கள். தூங்கப் போட்டுக்கொள்ளும் உடுப்பும் ஒரு ஜோடி சாக்ஸும் தனிப் பையில் இருக்கட்டும். என்ன ஆனாலும் அதை நடக்கப் போடக் கூடாது. காலையில் நேற்றைய ஈரச் சாக்ஸையே மாட்டுவது கொடுமைதான். மாட்டுங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற ஜனம் நாம், அந்தக் கவனம் சாக்ஸுக்கும் வேண்டும்.

இப்போது அந்தக் கதை. முதல் முறை, ஆடி. பாலு கா கேரா என்ற இடத்தில், சுமார் 3,600 மீட்டரில் தங்கி, விடிகாலை ஐந்தரைக்குக் கணவாய்க்குக் கிளம்பினோம். தூறல். “தூறல்தானே மாப்ள” என்றான். கோட்டுக்குள்ளே அவன் பருத்தி பனியன் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒன்பதரைக்கு ஒரு பாறை ஓரம் நின்று கடலை மிட்டாய் கொடுத்தேன். கவரைப் பிரிக்க அவன் விரலுக்கு வரவில்லை. நூறு கிலோ அரிசி வடிக்கிற கை. சந்தேகம் வந்து, “படி சொல்லுடா” என்றேன். சின்ன வயதில் அவன் தாத்தா சுவாமிமலைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் அறுபது வருஷத்தையும் சொல்ல வைத்திருக்கிறார், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். பிரபவ, விபவ, சுக்ல என்றான். மறுபடி சுக்ல என்றான். அப்புறம் சும்மா சிரித்தான். நாக்கு குழறியது.

வழிகாட்டி என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். திரும்பிவிட்டோம். கீழே டென்ட்டில் ஈரத்தை எல்லாம் உருவிப் போட்டு, காய்ந்த உடுப்பு மாட்டி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் திணித்து, சூடாகச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். இந்த நிலையில் சாராய வகை எதுவும் கொடுக்கக் கூடாது, இருக்கிற சூட்டையும் அது வெளியே விட்டுவிடும். ஒரு மணி நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, “பிரமோதூத” என்றான். மறுநாள் வானம் பளிச்சென்று இருந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது.

விரல் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, தடுமாறுவது, காரணமில்லாத சிரிப்பு அல்லது கோபம்: இவை குளிர் உள்ளே இறங்கிவிட்டதன் அடையாளம். நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு, சூடு ஏற்றாமலே நடுக்கம் நின்றுபோனால் சரியாகிவிட்டான் என்று நினைக்காதீர்கள், அது முற்றிய கட்டம். தனக்கு இப்படி ஆவது அவனுக்கே தெரியாது. நண்பன் எதற்கு என்றால் இதற்குத்தான். உங்கள் ஆளுக்குத் தலைகீழாகத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள், சஷ்டி கவசமோ வாய்ப்பாடோ.

இரண்டாம் முறை கிளம்புவதற்கு முன், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து லக்னப் பத்திரிகை எழுதுவது மாதிரி ஒரு தாளில் எழுதினோம். இரண்டு பேர் போகும்போது ஓட்டு ஒன்றுக்கு ஒன்று என்று நின்றுவிடும், அதனால் மலையில் வைத்துப் பேசி முடிவெடுக்க முடியாது. எழுதியது இவ்வளவுதான்: ஒருவன் திரும்பலாம் என்றால் திரும்ப வேண்டும், ஏன் என்று டென்ட்டுக்கு வந்த பிறகுதான் கேட்கலாம். பதினொரு மணிக்குக் கணவாய் மேல் இல்லையென்றால் எங்கே இருக்கிறோமோ அங்கிருந்து இறக்கம். பிரியக் கூடாது. உள்ளூர் வழிகாட்டி “போக வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் இரண்டு பேருடைய பேச்சும் செல்லாது. பனியன் சோதனை உண்டு (இது நான் சேர்த்தது).

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் நம் ஆட்கள் பித்தம் என்று சுக்குக் கஷாயம் தேடுவார்கள். 3,000 மீட்டருக்கு மேலே அதைப் பித்தம் என்று தள்ளாதீர்கள், உயரம் ஒத்துக்கொள்ளாமல் வருவதாக இருக்கலாம், அன்றைக்கு மேலே ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்க்கோட்டில் நடக்க முடியாவிட்டாலோ ராத்திரியானாலும் இறங்குங்கள். 3,000-க்கு மேல் ஒரு ராத்திரிக்கு அடுத்த ராத்திரி 500 மீட்டருக்கு மேல் கூட்டிப் படுக்காமல் இருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. நாங்கள் மணாலியில் இரண்டு ராத்திரி, ஏறும் வழியில் சிக்கா என்ற இடத்தில் இரண்டு ராத்திரி தங்கினோம். மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேளுங்கள்.

நம் ஆறு சொல்லிவிட்டு வரும். மேட்டூர் திறந்தால் கல்லணைக்கு வர நாளாகும், அதற்குள் பேப்பரில் போட்டோவே வந்துவிடும். மலை ஓடை சொல்லாமல் வரும். பனி உருகி வருவதால் காலையில் குறைவாகவும் மத்தியானத்துக்கு மேல் அதிகமாகவும் இருக்கும், மேலே மழை பெய்தால் கணக்கே கிடையாது. கடப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் கழற்றிவிட்டு இறங்குங்கள், விழுந்தால் பையை உதற வேண்டியிருக்கும். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து, இரண்டு பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் அடி வையுங்கள். செருப்பு காலில் இருக்கட்டும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் காத்திருங்கள். காவிரியில் குதித்து வளர்ந்த நீச்சல் இங்கே ஐந்து பைசாவுக்கு உதவாது.

டென்ட் என் தொழில் என்பதால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். வெள்ளத்துக்குப் பயந்து மேடு தேடுவது நம் ரத்தத்தில் இருக்கிறது. மலையில் மேட்டின் உச்சி காற்றுக்கும் இடிக்கும் உரியது, ஓடையின் படுகை தண்ணீருக்கு, செங்குத்துச் சரிவின் அடி உருளும் கல்லுக்கு. நடுவில், லேசான வாட்டம் உள்ள இடமாகப் பாருங்கள். வாசல் காற்றுக்கு முதுகு காட்டட்டும். பாறைத் தரையில் முளை இறங்காது, கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றி, அதன்மேல் இன்னொரு கல்லை ஏற்றுங்கள். பந்தலில் நூல் கயிறு நனைந்தால் இறுகும். நைலான் துணி நேர்மாறு, நனைந்தால் தொய்யும். அதனால் இருட்டும் முன் ஒரு முறை எல்லாக் கயிற்றையும் இழுத்துக் கட்டுங்கள். குளிருக்குப் பயந்து காற்று வழியை அடைக்காதீர்கள், உங்கள் மூச்சே தண்ணீராகி மேலிருந்து சொட்டும். டென்ட்டுக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் சத்தம் கேட்டால் முகட்டை விட்டு இறங்கி, தனி மரம், தனிப் பாறை பக்கம் ஒதுங்காமல், ஆளுக்கு ஆள் தள்ளிக் குந்துங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை ஏறாதீர்கள்.

சாப்பாட்டில் மாப்பிள்ளையின் கௌரவம் போனது. அந்த உயரத்தில் தண்ணீர் 87, 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி லேசில் வேகாது. “கொதிக்குது, வேகலை, என்ன ஊருடா இது!” என்று சட்டியை முறைத்துக்கொண்டு நின்றான். அவல்தான் கைகொடுத்தது. ஊறினால் போதும், மேலே புளிக்காய்ச்சல். சத்துமாவு, பேரீச்சை, கடலை மிட்டாய் ஆகியவை கோட்டுப் பையிலேயே இருக்கட்டும், மழையில் நின்று பையைத் திறக்க மனசு வராது. ஃபில்டரும் சிக்கரி கலந்த பொடியும் எடுத்து வந்திருந்தான், கனம் என்று சண்டை போட்டேன். கணவாய் தாண்டி ஷியா கோருவில், ஓடையைக் கடந்து கால் விறைத்து உட்கார்ந்திருந்தபோது ஒரு டம்ளர் நீட்டினான். அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

ஊர் திரும்பியதும் டென்ட்டை மடித்துப் பரணில் போடாதீர்கள், ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் கார்த்திகைவரை எதுவும் காயாது, பூஞ்சை பிடித்துவிடும். வந்த அன்றே மொட்டை மாடியில் நிழல் பார்த்து விரியுங்கள். விரித்த பிறகு பக்கத்திலேயே இருங்கள். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அம்மா அதில் மிளகாய் காயப்போட்டுவிட்டாள். அடுத்த தடவை அதற்குள் படுத்து இரண்டு பேரும் விடிய விடியத் தும்மினோம்.