பழைய ஜீப்பில் கைப்பிடி பொருத்திய அனுபவம்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் பழைய ஜீப் ஏறும்போது, முன் இருக்கையில் அமரும் அம்மா பற்றிக்கொள்ள ஏதுமின்றித் தவிப்பார். டேஷ்போர்டின் தகட்டில் நேரடியாகத் திருகாணி முடுக்கி நான் முதலில் பொருத்திய கைப்பிடி, இரண்டே பயணங்களில் துளையைப் பெரிதாக்கிக்கொண்டு கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. மெல்லிய தகடு மட்டும் ஓர் ஆளின் இழுவையைத் தாங்காது.

அடுத்த முறை, அம்மாவையே அமரவைத்து, அவர் கை இயல்பாக எட்டும் இடத்தைச் சாக்பீஸால் குறித்தேன். டேஷ்போர்டின் பின்புறம் வயர் ஏதும் குறுக்கே ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு துளையிட்டு, தகட்டுக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டையை வைத்து, 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளை அதிர்வில் எளிதில் கழலாத நைலாக் நட்டுடன் இறுக்கினேன். துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசுவதை யாரும் தவிர்க்க வேண்டாம். துரு அங்கிருந்துதான் பிடிக்கத் தொடங்கும்.