தோள்பட்டை வலிக்கு நொச்சிக் கிழியும் கைப்பக்குவமும்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் வலை இழுப்பவர்களுக்கும் நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவர்களுக்கும் தோள்பட்டை வலி பழகிப்போன ஒன்று. வீட்டிலேயே இதற்கு நிறையச் செய்யலாம். ஆனால் இடது தோளில் வலி எடுத்து, கூடவே நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும். கீழே விழுந்தபின் கையைத் தூக்க முடியாதவர்களும், மூட்டு வீங்கிக் காய்ச்சல் காண்பவர்களும் முதலில் மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

40 முதல் 60 வயதுக்குள், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, தோள் மெல்ல மெல்ல இறுகிப்போவதுண்டு. ஃப்ரோசன் ஷோல்டர் எனப்படும் இதைச் சித்த மருத்துவர்கள் கும்பவாதம் என்ற வாத நோயோடு ஒப்பிடுவார்கள். இது தளர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதால், பொறுமையோடு இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் தேவை.

சூடான ஒத்தடம் கொடுக்கும் துணி முடிச்சான கிழிக்கு உகந்தது நொச்சி. ஆற்றங்கரைகளிலும் வேலியோரங்களிலும் கிடைக்கும். இரண்டு கைப்பிடி இலையை நறுக்கி, ஒரு கரண்டி விளக்கெண்ணெய் விட்ட இரும்புச் சட்டியில் சிறு தீயில் வாடும்வரை வதக்கி, சூடு நிற்பதற்காக ஒரு பிடி கல் உப்பும் சேர்த்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு கிழிகளாகக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றால் ஒத்தடம் கொடுக்கும்போது மற்றொன்று தோசைக்கல்லின் மேல் சூடாக இருக்கட்டும். கொடுப்பவர் ஒவ்வொரு முறையும் கிழியைத் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே தோளில் வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். புதிதாக அடிபட்ட தோளுக்கு முதல் 2 நாள் சூடு கூடாது. துணியில் சுற்றிய ஐஸே நல்லது.

ஒத்தடத்துக்குப் பின், இளஞ்சூடான நல்லெண்ணெயை உள்ளங்கையால் கழுத்தடியிலிருந்து புயம் நோக்கி மெதுவாகத் தடவ வேண்டும். கற்பூரம் சேர்ப்பவர்கள் எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கியபின் சேர்த்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கையை வெடுக்கென்று இழுத்துவிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். என் தாயாருக்கு ஒருவர் அப்படிச் செய்ததால், முன்பு பகலில் மட்டும் இருந்த வலி பல இரவுகள் அவரை உறங்கவிடாமல் செய்தது.

கிழியின் சூட்டில் தசை தளர்ந்திருக்கும் நேரத்தில் தோளை அசைக்காவிட்டால் பலன் பாதிதான். வலியில்லாத கையை மேசையில் ஊன்றி முன்புறம் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, இரு திசைகளிலும் பத்துப் பத்து முறை சிறு வட்டமாக ஆட்டுங்கள். பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் மேலே ஏறி, எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு, அருகில் தேதியும் எழுதுங்கள். இலேசான இழுப்பு இருக்கலாம். சுளீரென்ற வலி வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

முடக்கத்தான் தோசையை உணவாக உண்ணலாம்; ஆனால் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மூலிகைச் சூரணம் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இரவில் வலிக்கும் பக்கம் சாய்ந்து படுக்காமல், கைக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாகியும் சுவர்க்கோடு உயரவில்லை என்றால், அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவிலோ பிசியோதெரபி பிரிவிலோ தோளைக் காட்டுங்கள்.