‘என்று’ போட்டால் போதாது: ஆங்கிலத்தில் அயற்கூற்று வினா அமைப்பது எப்படி?

‘அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று அவன் கேட்டான்’ என்னும் தொடரில், அவன் கேட்ட கேள்வி ஒரு சொல்லும் குலையாமல் அப்படியே அமர்ந்திருக்கிறது. அதன் பின்னால் ‘என்று’ சேர்த்ததோடு தமிழில் வேலை முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ, ஒரு கேள்வி மற்றொரு தொடருக்குள் நுழைந்தவுடன் கேள்விக்குரிய வடிவத்தை இழந்து சாதாரணக் கூற்றாகிவிடுகிறது. அதன் காலமும், கேள்வி எழுந்த நேரத்தை விட்டு, அதை எடுத்துச் சொல்பவரின் நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. இந்த இரண்டு வேறுபாடுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு கீழ்க்காணும் படிகளைப் பின்பற்றுங்கள்.

முதல் படி: சொல்வரிசையை நேராக்குதல்

‘வேர் இஸ் த கீ?’ என்ற கேள்வியில் ‘இஸ்’ முன்னே வந்து எழுவாய் பின்னே நிற்கிறது. ‘சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது’ என்று சொல்லும்போது எழுவாய் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும்: ‘ஐ டோன்ட் நோ வேர் த கீ இஸ்’. இப்படிக் கடைசியில் நிற்கும் ‘இஸ்’ஸைச் சுருக்கவும் கூடாது, ‘வேர் ஹி இஸ்’ என்பதை ‘வேர் ஹீஸ்’ என்று முடிப்பது பிழை. வினாச்சொல்லே எழுவாயாக இருந்தால் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. ‘ஹூ ப்ரோக் த கிளாஸ்?’ என்பது ‘ஐ நோ ஹூ ப்ரோக் த கிளாஸ்’ என்றே வரும்.

இரண்டாம் படி: ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ ஆகியவற்றை நீக்குதல்

இவை கேள்வியை உருவாக்குவதற்காக மட்டும் வந்த துணைவினைகள். கேள்வி வடிவம் போனதும் இவையும் போய்விடும், ஆனால் தாங்கியிருந்த காலத்தை முதன்மை வினையிடம் ஒப்படைத்துவிட்டே போகும். ‘வேர் டஸ் ஷி வொர்க்?’ என்பது ‘ஐ நோ வேர் ஷி வொர்க்ஸ்’ ஆகிறது. ‘டஸ்’ விட்டுச்சென்ற ‘ஸ்’ பலருக்கு மறந்துபோகிறது.

மூன்றாம் படி: ‘ஆ’ வினாவுக்கு இணைப்புச்சொல் தருதல்

வினாச்சொல் இல்லாமல், தமிழில் ‘வருவாளா’ என்பதுபோல் ‘ஆ’ ஈற்றில் முடியும் கேள்விகளுக்கு ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ தேவை. ‘என்று’ இருக்கிறதே என எண்ணி ‘தட்’ போட்டு, ‘ஹி ஆஸ்க்டு தட் வேர்’ எனத் தொடங்குவது தமிழ்ப் பழக்கத்தால் வரும் பிழையாகும்.

நான்காம் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

உண்மையான சிக்கல் இங்குதான் இருக்கிறது. முதலில் முதன்மைத் தொடரின் வினையைப் பாருங்கள். அது நிகழ்காலத்தில் இருந்தால் உள்ளே இருக்கும் காலத்தைத் தொட வேண்டாம். ‘ஆஸ்க்டு’ போல இறந்தகாலத்தில் இருந்தால் உள்ளே இருப்பதும் ஒரு படி பின்னால் நகரும்: ‘இஸ்’ ‘வாஸ்’ ஆகும், ‘ஹேஸ்’ ‘ஹேட்’ ஆகும், ‘வில்’ ‘வுட்’ ஆகும், ‘கேன்’ ‘குட்’ ஆகும். ‘வில் யூ கம் டுமாரோ?’ என்று ஒருவர் என்னிடம் கேட்டதைப் பிறகொரு நாள் சொல்லும்போது, ‘ஹி ஆஸ்க்டு மீ இஃப் ஐ வுட் கம் த நெக்ஸ்ட் டே’ என்கிறேன். காலத்தோடு, ‘யூ’ என்ற ஆளும் ‘டுமாரோ’ என்ற நாளும் என் நிலைக்கு ஏற்ப மாறிவிட்டதைக் கவனியுங்கள்.

கேள்வியே இறந்தகாலத்தில் இருந்திருந்தால், ‘வென் டிட் ஷி லீவ்?’ என்பது ‘ஹி ஆஸ்க்டு வென் ஷி ஹேட் லெஃப்ட்’ ஆகும். எது முன்னால் நடந்தது என்பதில் குழப்பம் வராதபோது ‘வென் ஷி லெஃப்ட்’ என்பதும் ஏற்கப்படுகிறது. அவள் இன்னும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறாள் என்றால், ‘ஹி ஆஸ்க்டு வேர் ஷி வொர்க்ஸ்’ என்றும் சொல்லலாம். ஆயினும் தொடக்கநிலையில் இருப்பவர்கள் ‘வொர்க்டு’ என்றே எழுதிப் பழகுவது நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் அது அந்த இடத்திலும் பிழையாகாது.

இரண்டு பொறிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘குட் யூ டெல் மீ வென் த ட்ரெய்ன் லீவ்ஸ்?’ என்பதில் வரும் ‘குட்’ பணிவைக் காட்டுகிறதே தவிர இறந்தகாலத்தைக் காட்டவில்லை. எனவே ‘லீவ்ஸ்’ என்பதை ‘லெஃப்ட்’ ஆக்கக் கூடாது. அடுத்தது, ‘இஃப்’ வந்தால் ‘வில்’ வரக்கூடாது என்று பள்ளியில் மனப்பாடம் செய்த விதி. அது ‘வந்தால்’ என்னும் நிபந்தனைப் பொருளுக்கு உரியது: ‘இஃப் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்’. ‘வருவானா’ என்னும் வினாப்பொருளில் ‘ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்’ என்பதே இயல்பான அமைப்பு. ஐயம் எழுந்தால் ‘இஃப்’ இருக்கும் இடத்தில் ‘வெதர்’ போட்டுப் பாருங்கள். பொருள் கெடாமல் பொருந்தினால் அங்கே ‘வில்’ தாராளமாக வரலாம்.

ஐந்தாம் படி: நிறுத்தக்குறி

முழுத்தொடரும் கேள்வியாக இருந்தால் மட்டுமே வினாக்குறி. ‘குட் யூ டெல் மீ’ எனத் தொடங்குவதற்கு அது உண்டு; ‘ஹி ஆஸ்க்டு’, ‘ஐ வொண்டர்’ எனத் தொடங்குபவற்றுக்கு முற்றுப்புள்ளிதான்.