டானியூப் கப்பல் பயணம்: மலையகத்திலிருந்து போகிறவர்களுக்கு

அட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கமிருந்து டானியூப் நதிக் கப்பலில் ஊர் ஊராகப் போக நினைப்பவர்கள், பணம் கட்டுமுன் ஆற்றின் நீர்மட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். கோடை முடிவில் தண்ணீர் வற்றினால், ஜெர்மனியில் ஸ்ட்ராபிங், வில்ஸ்ஹோஃபன் நகரங்களுக்கு இடையே கப்பலின் அடி தட்டும். வெள்ளம் வந்தால் பாலத்தின் கீழ் நுழைய முடியாது. இரண்டிலும் உங்களை பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அப்போது பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மே, ஜூன் மாதங்களில் வற்றும் பயம் குறைவு. நுவரெலியா டிசம்பருக்குப் போடும் சுவெட்டரே போதும்.

ஜெர்மனியின் பாசாவ் முதல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ஒன்றே போதும். பெல்கிரேட் வரை போய்த் திரும்புவதென்றால் பலமுறை நுழையும் விசா கேளுங்கள். பெல்கிரேட் இருக்கும் சேர்பியா ஷெங்கனில் இல்லை. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை, பயணத்துக்கு 15 நாள் முன்பு. மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது.

பால்கனி அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பதை இரண்டு முறை யோசியுங்கள். வியன்னா, புடாபெஸ்ட் போன்ற துறைகளில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள், ஜன்னலுக்கு வெளியே அடுத்த கப்பலின் சுவர்தான். ஆஸ்திரியாவில் மெல்க் முதல் கிரெம்ஸ் வரையுள்ள வாகாவ் பள்ளத்தாக்கை மேல்தளத்தில் நின்று பாருங்கள். அந்தப் பகுதி பகலில் வருகிறதா என்று நேர அட்டவணையில் உறுதி செய்துகொள்ளுங்கள்.